மவுஸுக்கு வந்த மவுசு

விளையாடுவதற்கென்றே தனி மவுஸ். விலை ரூ 1,500-ல் தொடங்கி ரூ 15,000 வரை போகிறது. கை வேகத்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் இந்தக் கடைத்தெருக்களில் விடுமுறை நாட்களில் தவறாமல் தென்படும் ஜோடி ஒன்று உண்டு: பையனும் அப்பாவும். பையன் கை காட்டுவது கண்ணாடி அலமாரிக்குள் பளபளக்கும் ஒரு மவுஸை. அப்பாவின் கண் போவது பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றின் மீது. முதலாவதன் விலை ரூ 13,000 சொச்சம். மற்றது ரூ 350. இரண்டிலும் அழுத்துவதற்கு இரண்டு பொத்தான்கள், நடுவே ஒரு சக்கரம். எத்தனையோ வீடுகளில் மாதச் சம்பளமே பதின்மூன்றாயிரத்தை எட்டாத நாட்டில், அப்படி என்னதான் இருக்கிறது இதற்குள் என்று அப்பா கேட்பதில் தவறில்லை.

இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சமாச்சாரம் அல்ல.

மவுஸ் பிறந்தபோது அதற்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசனை சொல்ல, சகா பில் இங்கிலீஷ் 1964-ல் செய்து கொடுத்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காட்டினார் எங்கெல்பார்ட். பிறகு வந்தது உருண்டை வைத்த மவுஸ். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: திரையில் அம்பு முரண்டு பிடிக்கும்போதெல்லாம் மவுஸைக் கவிழ்த்து, ரப்பர் உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்ட வேண்டும்.

திருப்பம் நேர்ந்தது 1999-ல். உருண்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளிச்சத்தை வைத்து வேலை செய்யும் 'இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற மவுஸை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு விற்பனைக்கு விட்டது. விளையாடுபவர்களுக்கென்றே தயாரானது என்ற விளம்பரத்தோடு ரேசர் நிறுவனத்தின் 'பூம்ஸ்லாங்' வந்ததும் அதே ஆண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட 'கவுண்டர் ஸ்ட்ரைக்' முதன்முதலில் தலைகாட்டியதும் அந்த ஆண்டுதான். மவுஸை இப்படியும் அப்படியும் வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் பரவ, அதைத் தாங்கும் மவுஸுக்குத் தேவையும் பிறந்தது.

இன்றைய மவுஸுக்குள் இருப்பது ஒரு குட்டிக் காமிரா. அடியில் ஒரு விளக்கு மேஜைப் பரப்பில் ஒளியைப் பாய்ச்சுகிறது. காமிரா வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது ஒரு சில்லு. சென்சார் என்பது இந்தக் கூட்டணியைத்தான். ரூ 350 மவுஸிலும் இது உண்டு. ஆனால் மலிவான சென்சாருக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. வினாடிக்கு சுமார் 30 அங்குலம் வரை அது ஒழுங்காகக் கணக்குப் போடும். அதற்கு மேல் போனால் முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பொதுவான இடமே இல்லாமல் போய்விடுகிறது. சென்சார் திணறுகிறது, அம்பு நின்றுபோகிறது, அல்லது எங்கோ பறக்கிறது.

அலுவலகக் கணக்கு எழுதுபவர் வாழ்நாளில் இந்த வேகத்தைத் தொட மாட்டார். துப்பாக்கி விளையாட்டுக்காரர் ஒரு மாலைப்பொழுதில் நூறு முறை தொடுவார். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் கையை ஒரே வீச்சில் வீசித் திரும்புகிறார் அல்லவா, அந்த வீச்சு சாதாரணமாகவே வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது சுமார் 40 அங்குலம். மலிவு மவுஸ் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் பார்ப்பது எதிரியை அல்ல, வானத்தை. விளையாட்டு மவுஸின் சென்சாரோ 200 அங்குலத்துக்கு மேலும் பிசகாமல் கணக்குப் போடும். எந்தக் கையும் அந்த வேகத்தைச் சுலபத்தில் எட்டிவிடாது.

முக்கியமான விஷயம், இந்தத் திறமை ரூ 13,000 கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதில்லை. ரூ 1,500 முதல் 2,000 வரை விற்கும், பெயர் பெற்ற நிறுவனங்களின் ஆரம்ப நிலை விளையாட்டு மவுஸ்களிலேயே கிடைக்கிறது. லாஜிடெக்கின் ஜி102 இந்த ரகத்தைச் சேர்ந்தது. ரூ 350-க்கும் ரூ 1,500-க்கும் இடையே உள்ள தூரம் பெரியது. அதைத் தாண்டியபின் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது சுருங்கிக்கொண்டே போகிறது.

அப்படியானால் பெட்டியின் மேல் இருக்கும் அந்தக் கொட்டை எழுத்து எண்? அது டி.பி.ஐ. மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகள் நகர்ந்ததாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்ற கணக்கு. 8,000, 16,000, 25,600 என்று ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது, தேர்தல் வாக்குறுதிகளைப் போல. சராசரி கம்ப்யூட்டர் திரையின் அகலம் 1,920 புள்ளிகள். 25,600 டி.பி.ஐ.யில் வைத்துக்கொண்டு மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்பு பதின்மூன்று திரைகளைத் தாண்டிப் போய் நிற்கும். மனிதக் கையால் இதைக் கட்டுப்படுத்த முடியாது. துப்பாக்கி விளையாட்டுகளில் பரிசுப் பணத்துக்காக மோதும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வது 400-லிருந்து 1,600-க்குள். 800 தான் ரொம்பப் பேருக்குப் பிடித்த எண். 1999-ல் வந்த பூம்ஸ்லாங் மவுஸிலேயே 2,000 வரை இருந்தது. ஆக, கால் நூற்றாண்டுக்கு முன்பே தேவையைத் தாண்டிவிட்ட எண்ணுக்குத்தான் இன்னும் விலை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மந்திரம் ஹெர்ட்ஸ். சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் தன் இருப்பிடத்தை வினாடிக்கு 125 முறை கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது, அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. விளையாட்டு மவுஸ் 1,000 முறை தெரிவிக்கிறது, ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை. சராசரியாகப் பார்த்தால் மிச்சமாவது மூன்றரை மில்லி செகண்ட். இது பொய்யல்ல. ஆனால் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறு சில எண்கள் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் திரை புதுப் படம் காட்டுவது கிட்டத்தட்ட 17 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. வீட்டு இன்டர்நெட் இணைப்பில் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப 30, 40 மில்லி செகண்ட் பிடிப்பது சர்வசாதாரணம். 'வாலரன்ட்' விளையாட்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது. அங்கிருந்து தூரம் கூடக்கூட இந்த நேரமும் கூடும். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அழுத்துவதற்கோ ஏறத்தாழ 200 மில்லி செகண்ட் ஆகிறது. இந்தச் சங்கிலியில் மூன்றரை மில்லி செகண்ட் எங்கே போய் உட்காரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சமீப ஆண்டுகளில் 8,000 ஹெர்ட்ஸ் மவுஸ்களும் வந்துவிட்டன. இவை தரும் கூடுதல் லாபம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. இத்தனை தகவலையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டரின் பிராசஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். சுமாரான கம்ப்யூட்டரில் இதனாலேயே விளையாட்டு தடங்கும். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் விசித்திரம்.

ரூ 13,000-க்கு உண்மையில் வாங்குவது வேறு இரண்டை: எடைக் குறைவு, வயர் இல்லாமை. லாஜிடெக்கின் 'ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட்' 2020-ல் வந்தபோது அதன் எடை 63 கிராமுக்கும் குறைவு. அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜி502 ஹீரோ 121 கிராம். வயர்லெஸ் மவுஸ் என்றால் தாமதம் என்று ஒரு காலத்தில் விளையாட்டுக்காரர்கள் முகம் சுளித்தது வாஸ்தவம். 2018 வாக்கில் அந்தக் குறையையும் நல்ல நிறுவனங்கள் தீர்த்துவிட்டன. துல்லியமாகக் குறிபார்க்க விரும்புபவர்கள் மவுஸின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஒரு முழுச் சுற்று திரும்ப அவர்கள் மவுஸை 30, 40 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். மணிக்கட்டால் அல்ல, முழங்கையோடு சேர்த்து. நாள் ஒன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் இப்படி இழுப்பவருக்கு ஐம்பது கிராம் வித்தியாசம் தோளில் தெரியும். இழுபடும் வயர் ஒரு தொல்லைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் விளையாடும் பையனுக்கு இது தெரியப்போவதில்லை.

எந்த விளையாட்டு என்பதையும் கேட்க வேண்டும். கார்ப் பந்தயமும் கால்பந்தும் விளையாடுபவருக்கு மவுஸே தேவையில்லை. சதுரங்கத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் எந்த மவுஸும் போதும். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின் விளையாட்டுகள் காட்சிப் போட்டிகளாக நடந்தபோது இந்தியாவுக்கு வெண்கலம் கொண்டுவந்தார் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா. அவர் ஆடியது 'ஹார்த்ஸ்டோன்', திரையில் ஆடும் சீட்டாட்டம். அந்த வெண்கலத்துக்குத் தேவைப்பட்டது தலைக்குள் இருந்த சமாச்சாரம். மில்லி செகண்டுக்கு அதில் வேலையே இல்லை. பதக்கம் அதிகாரபூர்வப் பட்டியலில் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே பெற்றோரைக் குழப்பும் புதிய அம்சம் ஒன்று சேர்ந்திருக்கிறது. மின் விளையாட்டு இன்று வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2022 டிசம்பரில் மத்திய அரசு அதை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் கொண்டுவந்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அது முறையான பதக்கப் போட்டியாகவே இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்த சட்டம், அதே கையோடு மின் விளையாட்டை அங்கீகரிக்கவும் செய்தது. 'இது என் எதிர்காலம்' என்று பையன் சொன்னால் அப்பாவால் இனி சிரித்துத் தள்ளிவிட முடியாது. ரூ 13,000 செலவா, முதலீடா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் உண்மையிலேயே கனக்கத் தொடங்குகிறது. கிரிக்கெட் பயிற்சிக்கு மகனை அனுப்பும் அப்பா நல்ல மட்டை வாங்கித் தராமல் இருப்பாரா?

உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். நல்ல மட்டையில் பந்து பட்டால் தூரம் போகும். நல்ல மவுஸ் குறி தவறிய கையை ஒருநாளும் திருத்தாது. சரியான கையை ஏமாற்றாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த ஏமாற்றாத குணம் ரூ 1,500-க்கே கிடைத்துவிடுகிறது. முன்னணி அணிகளில் ஆடுபவர்கள் கையில் விலை உயர்ந்த மவுஸ் இருப்பது உண்மை. அவர்களில் பலருக்கு அதை விளம்பரதாரர்களே கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. தவிர, இந்தியாவில் கூட்டம் சேரும் போட்டிகளில் பெரும்பகுதி கைபேசியில் ஆடப்படுபவை. 'பி.ஜி.எம்.ஐ.' ஆடுபவருக்கு மவுஸ் எதற்கு?

கம்ப்யூட்டரில்தான் ஆடப்போகிறான், துப்பாக்கி விளையாட்டுதான், தீவிரமாகத்தான் என்றால், பதின்மூன்றாயிரத்தை வேறு விதமாகப் பிரிக்கலாம். 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்று ஏறத்தாழ ரூ 10,000-க்குக் கிடைக்கிறது. அது 7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப் படம் காட்டும். பழைய திரையோடு ஒப்பிட்டால் மிச்சம் 10 மில்லி செகண்ட். மவுஸில் கிடைப்பதைவிட அதிகம். அதோடு கண்ணுக்கே தெரியும் வித்தியாசம். மீதிப் பணத்தில் ஜி102 ரக மவுஸ் ஒன்றும், முன்னூறு நானூறு ரூபாயில் அகலமான துணி மவுஸ் பேடும் வாங்கலாம். பேட் என்றதும் அலட்சியம் வேண்டாம். கண்ணாடி மேஜையிலும் பளபளக்கும் சன்மைக்கா பலகையிலும் பெரும்பாலான காமிராக்களுக்கு அடையாளம் எளிதில் பிடிபடாது. 'மவுஸ் கெட்டுப்போச்சு' என்று கடைக்கு வரும் பல மவுஸ்களில் கெட்டிருப்பது மேஜைதான்.

பைசா செலவில்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர் துல்லியம் என்று சொன்னாலும் செய்வது வேறு: மவுஸை வேகமாக இழுத்தால் அம்பு அதிக தூரமும், மெதுவாக இழுத்தால் குறைந்த தூரமும் போகும்படி செய்கிறது. அலுவலக வேலைக்கு இது சௌகரியம். குறிபார்ப்பவருக்கோ ஒரே தூரம் இழுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும். கை எப்படிப் பழகும்? புதிய விளையாட்டுகள் பல இதைச் சட்டை செய்யாமல் மவுஸிடமிருந்து நேரடியாகவே தகவலை வாங்கிக்கொள்கின்றன. பழைய விளையாட்டுகளில் இந்தக் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டாலே புது மவுஸ் வாங்கிய மாதிரி இருக்கும்.

ஏமாற்றுவேலைக்கும் குறைவில்லை. ரூ 400, 500-க்கு 'கேமிங் மவுஸ்' என்று வானவில் வண்ணங்களில் விளக்கு எரிய விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ரூ 350 சென்சார்தான். பெட்டியில் 7,200 டி.பி.ஐ. என்று இருக்கும். காமிரா பார்த்ததை வெறுமனே பெருக்கிக் காட்டினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பேட்டில் வைத்து மவுஸைச் சட்டென்று வீசி இழுத்து, அதே வேகத்தில் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த டிக்கை எடுத்துவிட்ட கம்ப்யூட்டரில், இழுக்கும்போது திரையின் ஓரத்தை முட்டாமல் செய்து பார்க்க வேண்டும். அம்பும் கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் நல்ல சென்சார். வேறெங்கோ நின்றால் விளக்குக்குத்தான் காசு. பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவோரும் உண்டு. பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்கள் விளையாட்டு மவுஸ்களுக்குப் பொதுவாக இரண்டாண்டு உத்தரவாதம் தருகிற நிலையில் அது சின்ன இழப்பல்ல.

ஏனென்றால் விலை எதுவானாலும் மவுஸ் சாவது ஒரே இடத்தில். இடது பொத்தானுக்கு அடியில் மிளகு அளவே உள்ள ஒரு தொடுமுனை இருக்கிறது. மெல்லிய உலோகத் தகடு வளைந்து அதைத் தொடும்போது 'கிளிக்'. நாளாக ஆகத் தகடு தளரும், முனையில் மாசு படியும். ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாகக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். 2 கோடி கிளிக் தாங்கும் என்கிறது பெட்டி. ஒரு நாளைக்கு 5,000 முறை அழுத்தினாலும் பத்து வருஷத்துக்கு மேல் வர வேண்டும். அது இயந்திரம் குத்திப் பார்த்த கணக்கு. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றும் வட இந்தியக் கோடையின் புழுதியும் அந்தக் கணக்கில் இல்லை. உலோகத் தொடுமுனைக்குப் பதில் ஒளிக்கதிரை மறைத்து வேலை செய்யும் பொத்தான்கள் விலை உயர்ந்த மவுஸ்கள் சிலவற்றில் வந்துள்ளன. இவற்றில் இரட்டைக் கிளிக் தொல்லை இல்லை. அதிக விலைக்கு நியாயம் சொல்ல முடிகிற அம்சங்களில் இதைச் சேர்க்கலாம்.

பக்கவாட்டில் ரப்பர் பூசிய மாடல்களை நம் ஊர் வெயிலுக்கு வாங்காமல் இருப்பது உத்தமம். கையில் பிடித்ததும் இதமாக இருக்கும். இரண்டு மூன்று கோடைகளில் வியர்வையும் வெப்பமும் பட்டு அந்தப் பூச்சு இளகி வெல்லப்பாகு மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். சாதாரண பிளாஸ்டிக்கே மேல். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டு மவுஸ்கள் வலது கையின் வளைவுக்கே வார்க்கப்பட்டவை. இரு பக்கமும் ஒரே வடிவில் உள்ளவற்றில்கூட கட்டைவிரல் பொத்தான்கள் அநேகமாக இடது பக்கம்தான். கடையில் பெட்டியைப் பிரித்துக் கையில் பிடித்துப் பார்க்க விடுகிறார்களா என்று கேட்பது நல்லது. சுண்டுவிரல் மேஜையில் உரசினால் அந்த மவுஸ் சின்னது. சக்கரத்தை எட்ட உள்ளங்கையைத் தூக்க வேண்டியிருந்தால் பெரியது.

இரட்டைக் கிளிக் வந்துவிட்ட பழைய மவுஸைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்தத் தொடுமுனை தனி உதிரியாகச் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குத் தகட்டை உரித்தால் உள்ளே திருகாணிகள் தெரியும். கழற்றி, பழைய சுவிட்சின் மூன்று கால்களைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதிதை ஈயம் வைத்து ஒட்டிக் கொடுக்க, இதே கடைத்தெருக்களின் மாடிப்படி ஓரங்களில் சால்டரிங் கம்பியோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கால் மணி நேர வேலை.